ஈரக் கழிவு

இரண்டாம் ஞாயிறு சமாதானத்தின் திரி.
ஏற்றும் முறை என்னுடையது.
இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலை வளையம்,
மூன்று ஊதா, ஒரு ரோஸ்.
லாபிஸில் நாலு நாளாய் விடாத மழை.
தீப்பெட்டி நமுத்துப்போய்
மூன்று குச்சிகளின் தலை உதிர்ந்தது.
நான்காவது பிடித்தது.
யாரும் சிரிக்கவில்லை; எனக்குத்தான் வியர்த்தது.

பாதையைச் சமன்செய்வது பற்றி ஃபாதர் பேசினார்.
என் கண்ணில் ஆலைக்குப் போகும் செம்மண் சாலை,
அதன் குழிகள்,
குழிக்குக் குழி குலுங்கி வரும் ஒரு நீல லோரி.

செம்பனை ஆலையின் நிறுவை மேடையில்
பதினோரு வருஷமாய் நான் கிராணி.
குலை ஏற்றி வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை,
கழித்தால் காசு.
இங்கே பாதிச் சண்டை அந்தக் கழித்தலில் பிறப்பது.

நீல லோரி இஞ்ஞாசியுடையது.
இஞ்ஞாசி என் தம்பி.
அம்மா கண்மூடிய மாதமே
அவளுடைய சேமநிதியை,
பாரத்தில் தன் பெயர்தான் இருக்கிறதென்று,
முழுதாய் எடுத்து முன்பணம் கட்டினான்.
வெற்று எடை ஐயாயிரத்து நூற்று இருபது கிலோ.
முப்பது வருஷம் அம்மா கித்தா மரம் சீவியது
அதற்குள்ளே இருக்கிறது.
திரையில் அந்த எண் எரியும்போதெல்லாம்
நானும் எரிவேன்.

நான்கு வருஷமாய் எங்கள் பேச்சு எண்கள்தான்.
சன்னலில் கை நீளும், சீட்டு போகும்.
"எட்டு நாற்பது."
"ம்."

இனி சொல்லவேண்டியது.
நனைந்த குலைக்கென்று சீட்டில் ஒரு கட்டம் உண்டு,
ஈரக் கழிவு.
வெயில் காய்ந்த நாளிலும் அவன் சீட்டில் அதை நிரப்பினேன்.
எல்லா நாளும் இல்லை,
அம்மா நினைவுக்கு வந்த நாட்களில்.
அரை விழுக்காடு. நாற்பது கிலோ.
ஒரு காசு என் கைக்கு வரவில்லை,
கம்பெனிக்குத்தானே போயிற்று என்று
பாவசங்கீர்த்தனத்திலும் விட்டுவிட்டேன்.
ஈரம் இல்லாதவள்
ஈரத்துக்குக் கழித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு இரவு நகல் கட்டுகளோடு உட்கார்ந்து கூட்டினேன்.
ஒன்பதாயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.
திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் வைத்திருந்த
கூட்டுப் பணம் இரண்டாயிரம்
ஓர் உறைக்குள் போயிற்று.

திங்கள். மழை. வாசலில் பதினேழு லோரி.
திருவருகைக் காலம் என்றால் காத்திருத்தலாம்.
காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்:
இஞ்சினை அணைக்கமாட்டார்கள்,
கெட்ட வார்த்தை சொல்வார்கள்,
நேப்பாளத்துக் காவலாளியிடம்
மணி என்ன மணி என்ன என்று கேட்டே கொல்வார்கள்.

ஒன்பதாவதாய் இஞ்ஞாசி.
குலைகளில் நீர் சொட்டச் சொட்ட.
பார், இன்று நிஜமாகவே ஈரம்.
தரம் பார்க்கிறவர் எழுதியதை மட்டும் போட்டேன்,
ஒரு கிலோ கூட்டாமல், குறைக்காமல்.
கொட்டிவிட்டுத் திரும்பி மேடை ஏறினான்.
சீட்டோடு உறையும் சன்னலைத் தாண்டியது.

"நாலு வருஷமா உன்கிட்ட தப்பா பிடிச்ச ஈரக் கழிவு.
மீதி மாசாமாசம் தர்றேன்."
எண்ணில்லாத ஒரு வாக்கியம்
இவ்வளவு நீளமாக இருக்குமென்று நினைத்ததில்லை.

உறையை அவன் பிரிக்கவில்லை.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
"தெரியும்," என்றான்.
பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே,
"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆலை எனக்குக் கிட்டக்கா.
விலையும் கூட."

பின்னாலிருந்து ஹாரன். இன்னொரு ஹாரன்.

அம்மாவின் பணத்தைப் பற்றி அவன் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
அது இன்னும் மேடைமேலேயே நிற்கிறது.
உறை வண்டிக்குள் போனபோது திரையைப் பார்த்தேன்.
எண் அசையவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் அது காட்டாது.

சாயங்காலம் ஒட்டுக்கடையில்
ஒரு லைட்டர் வாங்கிக்கொண்டேன்.
அடுத்த ஞாயிறு ஏற்றப்போவது யாரோ,
அவர்களுக்கும் குச்சி நமுத்திருக்கும்.